உனக்கு ஒன்றும் ஆகவில்லை

கண்ணு,

எந்தக் காகிதத்தை எடுத்தாலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். பால் கணக்கானாலும் சரி, அர்ச்சனைக்குப் பெயர் எழுதும் துண்டுச் சீட்டானாலும் சரி. இதில் போடவில்லை. சாமி பெயரை மேலே வைத்துவிட்டு எழுதக்கூடிய சங்கதி இல்லை இது. நின்றுகொண்டே படித்துவிட்டுப் பையில் மடித்து வைக்காதே. உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ "சரீங்கம்மா, சரீங்கம்மா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். உன் மரியாதைக்கு முன்னால் எனக்கு எப்போதும் வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்று உன் அக்காவுக்கும் போகிறது. அவளுக்குத் தெரிந்த தாய்மார் யார் கேட்டாலும் படிக்கக் கொடுக்கட்டும். யாருடைய நிஜப் பெயரும் இதில் இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது உன் அக்கா கேட்டாள். அவள் மகனுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டி, ஊர் கட்டி, ஒருவரோடு ஒருவர் பேசி விளையாடுகிற அந்த இணைய உலகத்தில் அவனும் சேர வேண்டுமாம். ஒரு மாதமாக நச்சரிக்கிறானாம். "கண்ட கண்டவங்கெல்லாம் உள்ள இருப்பாங்கன்னு சொல்றாங்க. விடலாமா தம்பி? நீ அதுலயே கெடந்தவன், நீ சொல்லு" என்றாள். நீ ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாய். "அட விடுங்கக்கா. அதெல்லாம் பேப்பர்ல போட்டுப் பயமுறுத்தறது. நானும் மூணு வருஷம் அதுக்குள்ளதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றாய். உன் அப்பா, "அவன் அங்கயே பத்துப் பசங்கள வெச்சு மேய்ச்சவனாச்சே" என்று பெருமையாகச் சொன்னார். பேரன் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா அம்மாயி, மாமாவே சொல்லிட்டாரு" என்று கை தட்டினான். நான் அப்பளம் எடுக்கப் போகிறவளைப் போல எழுந்து உள்ளே போனேன். அப்பளம் மேஜைமேல்தான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஆமாம் கண்ணு. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஏழு வயதில் நம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜைமேல் உட்கார்ந்து விளையாடுவாய். தைத்து வருகிற பனியனில் ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள் அல்லவா, அந்த ஸ்டிக்கர் சுருள்தான் உனக்குப் பொம்மை. மர பீரோவில் ஒட்டுவாய், பால்காரர் வண்டியில் ஒட்டுவாய். ஒருநாள் பவர்டேபிள் மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்த டெய்லர் ஒருவரின் முதுகில் ஓசைப்படாமல் ஐந்தாறு அம்புகளை ஒட்டிவிட்டாய். எல்லா அம்பும் அவர் பிடரியைக் காட்டிக்கொண்டு இருந்தன. தையல் லைனே சிரித்தது. உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு, "பாருங்க, இப்பவே ஃபால்ட் கண்டுபுடிக்கறான் மொதலாளி" என்றார். நானும் சிரித்தேன். அந்த ஆள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரித்தார். அம்போடு வீட்டுக்குப் போனார். அவர் சட்டையை அன்று கழற்றிப் பார்த்தது யார், என்ன நினைத்தார்கள் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஊரடங்கு வந்தபோது உனக்குப் பதினைந்து. பள்ளிக்கூடம் கம்ப்யூட்டருக்குள் வந்தது, அதன் பின்னாலேயே அந்த உலகமும் வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கார்ட்டன் பெட்டிகளின்மேல் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டவள். எனக்குத் தெரிந்த அளவில் உன்னைக் காக்க என்னவெல்லாம் செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டரை உன் அறையில் வைக்க விடவில்லை. பூஜை அறைக்கு நேர் எதிரே, ஆசாரக் கூடத்தில், முருகன் பார்வை படுகிற இடத்தில் மேஜை போட்டேன். கதவு சாத்தக் கூடாது. முகம் காட்டக் கூடாது. ஊர் பேர் சொல்லக் கூடாது. தினமும் நீ எழுந்த பிறகு பக்கத்தில் நின்று கேட்பேன்: இன்றைக்கு யார் யார் பேசினார்கள், யாராவது தப்பாகப் பேசினார்களா, ஏதாவது கேட்டார்களா. நீ சொல்வதைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைப்பேன். "இன்று யாரும் தொந்தரவு செய்யவில்லை." பக்கம் பக்கமாக இந்த ஒரே வரி. அந்த நோட்டைச் சஷ்டி அன்று சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். என் பிள்ளைக்கு யார் என்ன செய்தார்கள் என்று எழுத இடம் இருந்தது. என் பிள்ளை யாருக்கு என்ன செய்தான் என்று எழுத ஒரு பக்கம்கூட நான் ஒதுக்கவில்லை. அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

அப்போதே ஒருநாள் பேப்பரின் இணைப்பில் படித்துவிட்டு வந்து உனக்குச் சொன்னேன். "கண்ணு, அதுக்குள்ள வயசுப் பசங்க பொண்ணு பேருல வருவாங்களாமா. நல்லா தன்மையா பேசுவாங்களாமா. பத்து நாளு பழகி, ஊட்டு ரகசியத்தையெல்லாம் வாங்கிட்டு, அப்பறம் அத ஊருக்கே போட்டுக் காட்டி மெரட்டுவாங்களாமா. சாக்கிரதயா இரு சாமி." நீ தலையை ஆட்டிக் கேட்டாய். இரண்டு கேள்விகூடக் கேட்டாய்: "எத்தன நாளு பழகுவாங்களாமாங்கம்மா? பொண்ணுங்க நம்பீருவாங்களா?" பிள்ளை எவ்வளவு கருத்தாகக் கேட்கிறான் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் உன் குரல் மாறிவிடும். வீட்டில் வேலைக்காரப் பெண்ணைக்கூட 'வாங்க, போங்க' என்கிற பிள்ளை, அதற்குள் 'டேய்', 'ஏய்', 'அவள நிக்க வெய்யிடா' என்பாய். சமையற்கட்டிலிருந்து கேட்பேன். "டார்கெட் என்னாச்சு? எவன்டா சும்மா நிக்கறது? வேலை தெரியாதவளுக்கு எதுக்கு மாடி ஊடு? லைன் ஊட்டுல இருக்கறவளுக்கு மாடி கேக்குதா?" கடைசி வரியைக் கேட்டபோது கரண்டி கையிலேயே நின்றது. அது என் வரி. இரண்டு வாரத்துக்கு முன்னால், நம் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிற எஸ்தர், நல்லூரில் மாடிப் போர்ஷன் எங்காவது காலியாக இருந்தால் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் உன் அப்பாவிடம் நான் சொன்ன வார்த்தை அது, அட்சரம் மாறாமல். நீ பக்கத்தில் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கே உன் காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றியிருக்க வேண்டும். நான் கரண்டியைக் கழுவினேன். 'அதிகாரம் பண்ணத் தெரிகிறது, நாளைக்குக் கம்பெனியை நடத்துவான்' என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம்கூட வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு ஒருநாள் எஸ்தர் நம் கேட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை, கம்பெனி பாதி ஆட்களோடு திறந்திருந்த சமயம். முகத்துணியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பிழைக்க வந்து பத்து வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. "யக்கா, எம்மவ நாலு நாளா சோறு திங்க மாட்டேங்கா. பாயிலேயே சுருண்டு கெடக்கா. என்னன்னு கேட்டா, செல்லுல ஏதோ வீடு கெட்டி வெளையாடுனாளாம், அங்க நம்ம சின்னவரு ஆளுங்கள கூட்டியாந்து அவளக் கேவலமா எழுதி வெச்சுட்டாருன்னு சொல்லுதா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க செல்லுலயெல்லாம் அந்த எழுத்தோட படம் சுத்துதாம். நீங்க ஒரு வார்த்த சின்னவர்ட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள்.

நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்தாய். அவளைப் பார்த்ததும் கை கூப்பினாய்! "வாங்கக்கா, நல்லா இருக்கறீங்களா? அது கேமுங்கக்கா. ஆயிரம் பேரு வருவாங்க, போவாங்க. யாரு எழுதுனாங்கன்னு எப்படீங்க தெரியும்? பாப்பாவ இனி ஊர் பேர் தெரியாதவங்ககூடப் பேச வேண்டாம்னு சொல்லுங்க. எங்கம்மா எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கறாங்க" என்றாய். எஸ்தர் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் முடித்துவைத்தேன். "ஏனுங் எஸ்தரு, அது நெசமான ஊடா? போனா இன்னொண்ணு கட்டிக்கட்டும். பொம்பளப் புள்ள கையில செல்லக் குடுத்துட்டு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னா என்ன பண்றது?" என்றேன். அவள் முகத்துணியை மேலே இழுத்துக்கொண்டாள். "சரிக்கா, வாரேன்" என்று போனாள். அன்று நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "இன்று யாரும் தொந்தரவு செய்யவில்லை."

அவள் மகளை இதில் ஜெனிபா என்று எழுதுகிறேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது அவள் போகவில்லை. எஸ்தர் எவ்வளவோ அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். இங்கே ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி நின்றுவிட்டார்கள், அதில் இவளும் ஒருத்தி என்று நான் விட்டுவிட்டேன். தம்பிகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள். பதினெட்டு முடிந்ததும் செக்கிங்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உன் அப்பாவிடம் பரிந்து பேசியது நான்தான். ஒரு ஏழைப் பெண்ணுக்கு வழி காட்டினேன் என்று அன்று நெய் விளக்கு போட்டேன்.

போன மார்கழியில்தான் எனக்குத் தெரிந்தது. நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, கோயில் அன்னதானக் குழுவின் பெயர்ப் பட்டியலை டைப் அடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று உன் கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பழகினேன். நாளாக நாளாக மவுஸ் என்கிற எலியைப் பிடிக்கவும் வந்துவிட்டது. ஒருநாள் காலை பூஜை முடித்து உட்கார்ந்தவள், அந்த விளையாட்டின் படம் ஓரத்தில் இருப்பதைப் பார்த்து அழுத்தினேன். என் பிள்ளை கட்டிய ஊரைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான். உள்ளே போக இரண்டு பெயர்கள் காட்டியது. ஒன்று உன் பெயர். இன்னொன்று என் பெயர். அம்மா பெயரை வைத்திருக்கிறானே என்று கண் கலங்கிப்போய் அதைத்தான் அழுத்தினேன்.

கண்ணு, அந்தப் பெண் ஜெனிபா கட்டிய வீடு இன்னும் அங்கே நிற்கிறது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மாடி வைத்த வீடு. கீழே சன்னலைப் பார்த்தபடி ஒரு தையல் மெஷின், வெளிச்சத்தில் தைக்கட்டும் என்று தன் அம்மாவுக்காக. இரண்டு தம்பிகளுக்கு இரண்டு கட்டில். வாசலில் ஊஞ்சல். மாடியில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை, உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. எனக்கு நிஜத்தில் வீடு கட்டித் தந்த மேஸ்திரிக்கு அவ்வளவு யோசனை கிடையாது. அந்த உலகம் கெட்டதா நல்லதா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். பத்துக்குப் பத்து லைன் வீட்டில் படுத்துக்கிடந்த ஒரு குழந்தைக்கு அது மாடி கொடுத்தது. அவ்வளவுதான் அதைப் பற்றி எனக்குத் தெரியும்.

அந்த வீட்டின் சுவர், கூரை, படி, ஊஞ்சல், ஒரு இடம் விடாமல் சிவப்பு அம்புகள். அத்தனையும் மாடி அறையைக் காட்டிக்கொண்டிருந்தன. நீயும் உன் பசங்களும் எத்தனை நாள் ஷிப்ட் போட்டு ஒட்டினீர்களோ. வாசலில் ஒரு பலகை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "குடிகாரன் மவ ஒளியற கக்கூசு. எல்லாரும் வந்து பாருங்க." கீழே எழுதியவர் பெயர், என் பெயர்.

பக்கத்தில் நீங்கள் பேசியதெல்லாம் அழியாமல் இருந்தது. ஒரு காலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். உலையில் அரிசி குழைந்ததுகூடத் தெரியவில்லை. என் பெயரில் நீ அவளோடு பத்து நாள் பழகியிருக்கிறாய். 'சாப்பிட்டியா', 'பயப்படாத', 'எங்கிட்டச் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.' இவ்வளவு தன்மையாக நீ உன் அக்காவிடம்கூடப் பேசி நான் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா குடித்துவிட்டு வருகிற சாயங்காலங்களில் லைனின் கடைசியில் இருக்கிற பொதுக் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். பாடம்கூட அங்கேதான் படிப்பாளாம். அதனால்தான் மாடியில் தாழ்ப்பாள் வைத்த அறை கட்டினாளாம். நான்காம் நாள் எங்கே அம்மா வேலை பார்க்கிறாள் என்று நீ கேட்டாய். சொன்னாள். உடனே உன் பசங்களுக்கு எழுதியிருக்கிறாய்: "அட, எங்க டெய்லர் மவடா இவ." அங்கேயாவது நிறுத்துவாய் என்று தேடிப் படித்தேன். அங்கேதான் உனக்கு உற்சாகம் கூடியிருக்கிறது. கடைசி நாள் பலகை வைத்த பிறகு ஒருவன், "எப்படிடா இந்த ஐடியா?" என்று கேட்கிறான். "எங்கம்மா குடுத்ததுடா" என்று எழுதி, பக்கத்தில் வாயைப் பிளந்து சிரிக்கிற மஞ்சள் முகங்களை வரிசையாக வைத்திருக்கிறாய்.

அந்தப் பலகைக்குக் கீழே கடைசியாக அவள் எழுதிய ஒரு வரி இருக்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ நல்லாத்தான பேசுன?" என்று.

அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். பரீட்சை என்றேன், பொங்கல் என்றேன், பிறகு கடைசி வருஷம் என்றேன். பிள்ளை அப்போது சின்னவன், இப்போது மாறியிருப்பான் என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டேன். தினமும் இரண்டு வேளை விளக்கேற்றுகிற வீட்டில் இப்படி ஒருவன் வளர்வான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ரசத்தை உறிஞ்சிவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றபோதுதான் உனக்கு எதுவுமே மறக்கவில்லை, ஆனால் எதுவுமே உறைக்கவும் இல்லை என்று தெரிந்தது. நீ பொய் சொல்லவில்லை. அதனால்தான் மேஜைமேல் இருந்த அப்பளத்தைத் தேடி உள்ளே போனேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போலக் கம்பெனியில் பூஜை முடித்துப் பொரிகடலை கொடுத்துக்கொண்டு வந்தேன். செக்கிங் மேஜையில் ஜெனிபா ஒரு பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை படபடவென்று ஓடும். அவள் ஒட்டுகிற அம்பு ஒரு நூல் தள்ளி விழாது. தண்ணீர் ஃபில்டர் பக்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். நான் அந்த வீட்டைப் பார்த்தேன் என்றும், அந்தப் பெயரில் வந்தது யார் என்றும் சொன்னேன். "தெரியும்க்கா" என்றாள்.

"எப்ப கண்ணு தெரியும்?"

"பலகைய வெச்ச அன்னைக்கே. அம்மாவப் பாக்கக் கம்பெனிக்கு வரும்போதே அவரு கொரலு எனக்குத் தெரியும். அதுக்கு மின்னயே ஹெட்போன்லயும் கேட்டுருக்கேன், பசங்களோட வந்து மெரட்டும்போது. பலகைய வெச்சுட்டுச் சிரிச்சாருல்லா, அதே கொரலு."

"தெரிஞ்சுமா இங்க வேலைக்கு வந்த?"

"எங்கம்மா இங்கதான இருக்கா. வேற எங்க போவ?"

என்னை மன்னித்துக்கொள் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். பொரிகடலைத் தட்டு நடுவில் இருந்தது. அவள் தட்டை வாங்கி மெஷின்மேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்குக்கா. சின்னவரு எப்ப வாராரு?"

"ஆவணி மொத முகூர்த்தத்துல மொதலாளி சீட்டுல வந்து உக்கார்றான்."

செக்கிங் மேஜைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவருக்கு என்னையத் தெரியாதுல்லா. வந்து எல்லார்ட்டயும் பேசுத மாதிரி எங்கிட்டயும், 'வணக்கங்க, சாப்ட்டீங்களா'ன்னு நல்லா பேசிருவாரு. அதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு. திட்டுனாக்கூடத் தாங்கிருவேன். நான்தான் அந்தப் புள்ளன்னு தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லுங்க. தெரியாம எங்கிட்ட நல்லா பேசிரக் கூடாது."

அவ்வளவுதான் அவள் கேட்டது. இத்தனை வருஷத்தில் நம் குடும்பத்திடம் அவள் கேட்ட ஒரே காரியம். அதைத்தான் இந்தக் கடிதத்தால் செய்கிறேன்.

உன் அக்காவுக்கு என் பதில் இது. அம்மணி, விடலாமா என்று தம்பியைக் கேட்டாய் அல்லவா? பேரனை விடு. பேப்பரில் போடுகிறார்களே, அந்த ஆபத்தெல்லாம் உண்மைதான். கேட்டுக்கொண்டிரு, பக்கத்தில் இரு. ஆனால் என்னைப் போல 'உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா' என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகாதே. இன்றைக்கு நீ யாரை என்ன சொன்னாய் என்று கேள். அவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று பார். சிரிக்கும்போது அவன் சொல்கிற வார்த்தை எங்கேயோ கேட்டதுபோல இருந்தால், உன் சமையற்கட்டில் தேடு. அந்த உலகத்துக்குள் போகிற பிள்ளைகள் எல்லாம் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் போகிறார்கள். நாம் யாரைக் கண்டு பயந்து கதவைத் திறந்து வைத்தோமோ, முகம் காட்டாதே, பேர் சொல்லாதே என்றோமோ, அந்த ஆளுக்கு நான்தான் மூன்று வேளை சோறு போட்டேன்.

இனி உனக்கு. ஆவணியில் கம்பெனிச் சாவிக் கொத்தைச் சாமி முன்னால் வைத்து என் கையால் எடுத்துத் தர வேண்டும் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். தரமாட்டேன். அடுத்த சனிக்கிழமை நீ வீட்டுக்கு வருகிறாய். பூஜை அறைக்கு எதிரே அதே மேஜையில் உட்கார்ந்து அந்த அம்புகளை உன் கையால் ஒவ்வொன்றாக எடுக்கிறாய். கடைசியில் என் பெயர் போட்ட பலகையை எடுக்கிறாய். நான் எதையும் தொடவில்லை, தொடவும் மாட்டேன். உன் குப்பையை இத்தனை வருஷம் நான் பெருக்கியது போதும். வீட்டை அப்படியே விட்டுவிடு; அது அவளுடையது. அவளிடம் போய் அழாதே, காலில் விழாதே, நாலு பேருக்கு நடுவில் நல்லவன் ஆகிவிடாதே. அவள் மன்னிப்பாள் என்று நான் உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மன்னிக்காமல் போனால் அதோடு தினமும் அந்த வாசலில் நுழையப் பழகிக்கொள். முடியாது என்றால் வேறு ஊரில் வேலை தேடிக்கொள். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ என் ஒரே மகன். ஆனாலும் எழுதுகிறேன்.

செக்கிங் மேஜையில் இடது பக்கம், சன்னலை ஒட்டி மூன்றாவதாக நிற்பவள் அவள். உனக்கு அவள் முகம் தெரியாது. அவளுக்கு உன் குரல் தெரியும். நீ உள்ளே வந்து வாயைத் திறந்ததும், அத்தனை கைகளும் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு கை மட்டும் துணிமேல் நின்றுவிடும். அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசு.

இப்படிக்கு,
அந்தப் பலகையில் பெயர் இருக்கிறவள்